‘சும்மா விளையாட்டுக்கு’ன்னு சொல்ற அண்ணன், அக்கா... வீட்டுச் சண்டை எப்போது புல்லியிங் ஆகிறது?

சார்ஜரை யார் எடுத்தது? பாத்ரூமுக்கு யார் முதலில் போவது? என் டி-ஷர்ட்டை யாரைக் கேட்டுப் போட்ட? கடைசி சிக்கன் பீஸ் யாருக்கு? அண்ணன், தம்பி, அக்கா, தங்கை என்று இன்னொருவர் இருக்கும் வீட்டில் இந்தக் கேள்விகள் இல்லாத நாளே கிடையாது. சண்டை வரும், சத்தம் வரும். பத்து நிமிஷத்தில் ரெண்டு பேரும் ஒரே போனில் ரீல்ஸ் பார்த்துச் சிரித்துக்கொண்டிருப்பீர்கள். அம்மாதான் பாவம், இன்னும் திட்டி முடித்திருக்க மாட்டார்.

இந்த ரகச் சண்டைக்காக யாரும் பயப்பட வேண்டாம். விட்டுக்கொடுப்பது, பேரம் பேசுவது, சமாதானம் ஆவது எல்லாவற்றுக்கும் இதுதான் முதல் பயிற்சி. நாம் பேசப்போவது வேறொரு ரகத்தைப் பற்றி. அதில் தினமும் ஒரே ஆள்தான் ஜெயிப்பார், ஒரே ஆள்தான் அழுவார். ‘விடு கண்ணு, அண்ணன்தானே’ என்று பெரியவர்கள் அதையும் முதல் ரகத்தோடு சேர்த்துவிடுவார்கள். பள்ளியில் உங்களை ஒருத்தன் கிண்டல் செய்யும்போது பதில் பேச முடியாமல் நிற்பதற்கும் இதற்கும் தொடர்பு இருக்கலாம் என்கின்றன கடந்த 20 ஆண்டு ஆய்வுகள்.

மூன்று அண்ணன் தம்பி, மூன்று மலை

ஏற்காட்டைச் சுற்றியுள்ள சேர்வராயன் மலையில் தலைமுறை தலைமுறையாக வாழ்பவர்கள் மலையாளி பழங்குடி மக்கள். கேரளத்து மலையாளிகளுக்கும் இவர்களுக்கும் சம்பந்தம் இல்லை. இவர்கள் பேசுவது தமிழ். தங்கள் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர்கள் என்று ஒரு கதை இவர்களிடம் உண்டு. பெரியண்ணன், நடுவண்ணன், சின்னண்ணன் என்று மூன்று சகோதரர்கள். ஆளுக்கொரு மலையில் போய்க் குடியேறினார்கள். சேர்வராயன் மலைக்கு வந்தவர் பெரியண்ணன் என்கிறது அந்தக் கதை.

ஆளுக்கொரு மலை! கேட்கவே நிம்மதியாக இருக்கிறது, இல்லையா? இன்றைக்கு நிலைமை தலைகீழ். சேலத்து அபார்ட்மென்ட் ஆனாலும் சரி, ஏற்காட்டு எஸ்டேட் லைன் வீடு ஆனாலும் சரி, ரெண்டு பேருக்கு ஒரு அறை கிடைத்தாலே பெரிய விஷயம். 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 1.8 குழந்தைகள். அதாவது நிறைய வீடுகளில் உடன்பிறந்தவர் ஒரே ஒருவர்தான். அவரோடு ஒத்துப்போகவில்லை என்றால் ஒண்டிக்கொள்ள இன்னொரு அண்ணனோ அக்காவோ கிடையாது.

சண்டையா, புல்லியிங்கா? மூணே கேள்வி

பள்ளிகளில் நடக்கும் புல்லியிங்கை முதன்முதலில் முறையாக ஆராய்ந்தவர்களில் முக்கியமானவர் டான் ஓல்வேயஸ். 1970-களிலேயே ஸ்காண்டிநேவிய நாடுகளில் இந்த வேலையைத் தொடங்கிவிட்டார். அவர் வைத்த அளவுகோலைத்தான் இன்றும் பெரும்பாலானோர் பயன்படுத்துகிறார்கள். அதையே வீட்டுக்குக் கொண்டுவந்தால் மூன்று கேள்விகள்.

1. பலம் ஒரு பக்கமே இருக்கிறதா? வயது, உடம்பு, பேச்சுத் திறமை, அப்பாவின் செல்லம் என்று எதுவாகவும் இருக்கலாம். நீங்கள் எதிர்த்து நிற்கவே முடியாத நிலை என்றால் அது சண்டை இல்லை.

2. திரும்பத் திரும்ப நடக்கிறதா? கோபத்தில் ஒருநாள் விழுந்த அடி வேறு. வாரத்துக்கு நாலு நாள் அதே பட்டப்பெயர், அதே குத்து என்றால் அது வேறு.

3. வலிக்கும் என்று தெரிந்தே நடக்கிறதா? ‘நிறுத்து’ என்று சொன்ன பிறகும் தொடர்கிறதா?

மூன்றுக்கும் ஆமாம் என்றால், செய்கிறவர் சொந்த அண்ணனாக இருந்தாலும் அதன் பெயர் புல்லியிங்தான்.

அடி மட்டும்தான் கணக்கு என்று நினைக்காதீர்கள். நிறத்தை, எடையை, முகப்பருவை, மார்க்கை வைத்துத் தினமும் கலாய்ப்பது, உங்கள் நோட்டைக் கிழிப்பது, ‘அவகிட்ட யாரும் பேசாதீங்க’ என்று சித்தப்பா பிள்ளைகளையும் சேர்த்துக்கொண்டு ஒதுக்குவது எல்லாமே இதில் வரும். உங்கள் சாட்டை ஸ்கிரீன்ஷாட் எடுத்து ஃபேமிலி குரூப்பில் போடுவேன் என்று மிரட்டுவது இந்தக் காலத்து வகை.

அமெரிக்காவில் 3,599 பிள்ளைகளின் தகவல்களை வைத்து கொரின்னா ஜென்கின்ஸ் டக்கர் குழுவினர் 2013-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். அடி, பொருளைப் பிடுங்குவது அல்லது உடைப்பது, மனதை நோகடிக்கும் பேச்சு என எல்லாவற்றையும் கணக்கில் எடுத்தார்கள். உடன்பிறந்தவரிடம் இவற்றை அனுபவித்தவர்களின் மனநலம் மற்றவர்களைவிட மோசமாக இருந்தது. லேசானது என்று நாம் ஒதுக்கும் வகைக்கும் இது பொருந்தியது. வெளியாள் செய்தாலும் கூடப்பிறந்தவர் செய்தாலும் பாதிப்பு கிட்டத்தட்ட ஒரே மாதிரி இருந்தது என்பதுதான் அந்த ஆய்வு கொடுத்த அதிர்ச்சி.

வீட்டில் படித்த பாடம், வகுப்பில் பரீட்சை

வீட்டில் நடப்பதற்கும் பள்ளியில் நடப்பதற்கும் என்ன சம்பந்தம்?

ஜெரால்ட் பேட்டர்சன் என்ற உளவியலாளர் 1980-களில் சொன்ன விளக்கம் எளிமையானது. அண்ணன் கத்துகிறான், தங்கை ரிமோட்டைக் கொடுத்துவிடுகிறாள். அண்ணன் கற்றுக்கொண்டது: கத்தினால் கிடைக்கும். தங்கை கற்றுக்கொண்டது: கொடுத்துவிட்டால் நிற்கும். இது நூறு முறை, ஆயிரம் முறை நடக்கிறது. பிறகு இருவரும் பள்ளிக்குப் போகிறார்கள். கேன்டீன் வரிசையில் ஒருத்தன் தள்ளும்போது தங்கையின் உடம்பே பழக்கத்தில் ஒதுங்கிவிடுகிறது. அண்ணன் தன் வகுப்பில் தன்னைவிடச் சின்னப் பையனைப் பார்த்ததும் பழக்கத்தில் குரலை உயர்த்துகிறான்.

இஸ்ரேலில் 921 மாணவர்களிடம் டீட்டர் வோல்கே, முத்தன்னா சமாரா இருவரும் நடத்திய ஆய்வு 2004-ல் வெளியானது. வீட்டில் உடன்பிறந்தவரின் புல்லியிங்குக்கு ஆளானவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர், சரியாகச் சொன்னால் 50.7 சதவிகிதம் பேர், பள்ளிப் புல்லியிங்கிலும் ஏதோ ஒரு விதத்தில் சிக்கியிருந்தார்கள். வீட்டில் அந்தத் தொல்லை இல்லாதவர்களில் இது 12.4 சதவிகிதம் மட்டுமே.

இன்னொரு விஷயம், தப்பிக்கும் இடம். பள்ளியில் ஒருத்தன் படுத்தினால் நாலு மணிக்கு மணி அடித்ததும் வீட்டுக்கு வந்து மூச்சு விடலாம். வீட்டிலும் அதே கதை என்றால்? 24 மணி நேரமும் உஷாராகவே இருக்க வேண்டியிருக்கிறது. அந்தச் சோர்வு தூக்கத்தில், படிப்பில், பசியில் தெரியும்.

தன்மதிப்பு எங்கே அடிவாங்குகிறது?

செல்ஃப் எஸ்டீம் என்றதும் கண்ணாடி முன்னால் நின்று ‘நான் கெத்து’ என்று சொல்லிக்கொள்வது என்று நினைக்கிறோம். ‘நான் மதிப்புள்ள ஆள், என்னிடமும் குறை இருக்கும், பரவாயில்லை’ என்று உள்ளுக்குள் இருக்கும் சாதாரண நம்பிக்கைதான் தன்மதிப்பு. அதை அளக்க மாரிஸ் ரோசன்பெர்க் 1965-ல் பத்து வாக்கியங்கள் கொண்ட ஒரு அளவுகோலை உருவாக்கினார். அதை முதலில் பயன்படுத்தியதே பள்ளி மாணவர்களிடம்தான்.

டீன் ஏஜில் இந்த நம்பிக்கை ஈரச் சிமென்ட் மாதிரி. யார் மிதித்தாலும் தடம் விழும். உங்களைப் பிறந்ததிலிருந்து பார்க்கும் ஆள், உங்கள் எல்லா ரகசியமும் தெரிந்த ஆள் மிதித்தால் தடம் ஆழமாகவே விழும். வகுப்பில் எவனோ ‘நீ வேஸ்ட்’ என்றால், ‘இவனுக்கு என்ன தெரியும்’ என்று தள்ளிவிடலாம். அக்கா சொன்னால், ‘அவளுக்கு எல்லாம் தெரியும், அப்ப நிஜமாத்தான் இருக்கும்’ என்று மனசு நம்பிவிடுகிறது.

இங்கிலாந்தின் பிரிஸ்டல் பகுதியில் 1990-களின் தொடக்கத்தில் பிறந்த குழந்தைகளைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். 12 வயதில் அவர்களிடம் உடன்பிறந்தவர்கள் பற்றிக் கேட்டார்கள். 18 வயதில் மறுபடி மனநலத்தைப் பரிசோதித்தார்கள். லூசி போவ்ஸ் குழுவினர் 2014-ல் வெளியிட்ட முடிவு இது: வாரத்தில் பலமுறை புல்லியிங்குக்கு ஆளானவர்களில் 12.3 சதவிகிதம் பேருக்கு 18 வயதில் மனச்சோர்வு இருந்தது. ஆளாகாதவர்களில் 6.4 சதவிகிதம். தன்னைத்தானே காயப்படுத்திக்கொண்டவர்களின் எண்ணிக்கையும் ஏறக்குறைய இரண்டு மடங்கு.

தன்மதிப்பையே நேரடியாக அளந்த ஆய்வும் உண்டு. பிரிட்டனில் 2000-த்தை ஒட்டிப் பிறந்த 17,000-க்கும் மேற்பட்டவர்களின் தகவல்களை உமர் டோசீப், வோல்கே இருவரும் 2021-ல் அலசினார்கள். 11, 14 வயதுகளில் உடன்பிறந்தோர் புல்லியிங் அதிகமாக இருந்தவர்களுக்கு 17 வயதில் தன்மதிப்பும் மனநிறைவும் குறைவாக இருந்தன. வாங்கியவர்களோடு செய்தவர்களும் இந்தக் கணக்கில் இருந்தார்கள் என்பதைக் கவனியுங்கள். கொடுக்கிற கையும் காய்ந்துதான் போகிறது.

ஒரு எச்சரிக்கை. ‘அண்ணன் அடிச்சான், அதனால் எனக்கு டிப்ரஷன் வரும்’ என்று இதைப் படிக்கக் கூடாது. பண நெருக்கடி, பெற்றோர் சண்டை என்று பல காரணங்கள் பின்னால் சேர்ந்து இருக்கும். வாங்கியவர்களிலும் பெரும்பாலானோருக்கு மனச்சோர்வு வரவில்லை என்பதும் அதே எண்களில் இருக்கிறது. ஆய்வுகள் வெளிநாட்டில் நடந்தவை என்பதும் உண்மை. ஆனால் ரிமோட்டுக்காகக் கத்துவதும் பயந்து விட்டுக்கொடுப்பதும் எல்லா ஊரிலும் ஒன்றுதான்.

மலைப் பள்ளி யாருக்கு, ஊர்ப் பள்ளி யாருக்கு?

ஏற்காடு என்றால் டூரிஸ்ட்டுகளுக்கு ஏரியும் காபித் தோட்டமும். ஆனால் பல குடும்பங்களுக்கு அது உறைவிடப் பள்ளிகளின் ஊர். சேக்ரட் ஹார்ட் பள்ளி 1894-ல் தொடங்கியது, மான்ட்ஃபோர்ட் பள்ளி 1917-ல். நூறு வருஷத்துக்கும் மேலாகச் சேலத்திலிருந்து 20 ஹேர்பின் வளைவுகள் ஏறிப் பிள்ளைகள் படிக்க வருகிறார்கள்.

ஒரு வீட்டில் ஒரு பிள்ளையை மட்டும் மலைப் பள்ளிக்கு அனுப்பினால் என்ன ஆகும்? ஊரில் இருக்கும் தங்கை நினைப்பாள்: ‘அவனுக்கு மட்டும் லட்சக்கணக்கில் ஃபீஸ், எனக்குப் பக்கத்துத் தெரு ஸ்கூல்.’ ஹாஸ்டலில் இருக்கும் அண்ணன் நினைப்பான்: ‘அவள் அம்மா சமையல் சாப்பிடுகிறாள், என்னை மட்டும் தள்ளிவிட்டார்கள்.’ ரெண்டு பேருக்கும் மற்றவர்தான் செல்லம்! லீவுக்கு வரும்போது இந்தக் கோபம்தான் சார்ஜர் சண்டையாக வெடிக்கிறது.

அமண்டா கோவால், லாரி கிராமர் இருவரும் 1997-ல் வெளியிட்ட ஆய்வு இங்கே உதவும். பெற்றோர் பிள்ளைகளை வேறு வேறு விதமாக நடத்தினாலும், அதற்கு நியாயமான காரணம் இருக்கிறது என்று பிள்ளைகள் நினைத்த இடங்களில் உடன்பிறந்தோர் உறவு கெடவில்லை. ஒரே மாதிரி நடத்த எல்லா வீட்டிலும் முடியாது. ‘ஏன் இப்படி’ என்று உட்காரவைத்துச் சொல்ல முடியும். அதைப் பல வீடுகளில் யாரும் செய்வதில்லை. நீங்களே கேளுங்கள்: “என்னை ஏன் ஹாஸ்டல்ல சேர்த்தீங்க?” குறை சொல்லும் குரலில் வேண்டாம், தெரிந்துகொள்ளும் குரலில்.

ரெண்டு பேரும் ஒரே பள்ளியில் என்றால் வேறு சிக்கல். ஆறாம் வகுப்பில் சேர்ந்த முதல் நாளே ‘நீ அவன் தம்பியா? அவன் மாதிரி படிப்பியா?’ என்று ஆரம்பித்துவிடும். வீட்டுப் பட்டப்பெயரை அண்ணன் தன் நண்பர்களிடம் ஒருமுறை சொன்னால் போதும், மறுநாள் காலை அது டைனிங் ஹால் முழுக்கப் பரவியிருக்கும். இந்த ஒரு வார்த்தையை வெளியே விடாமல் இருப்பதே ஒரு மூத்தவர் செய்யும் பெரிய உதவி.

தோட்ட வேலைக்குப் போகும் குடும்பங்களில் கதை இன்னொரு மாதிரி. குளிர்காலத்தில் காபிப் பழம் பறிப்பு உச்சத்தில் இருக்கும்போது அப்பாவும் அம்மாவும் காலையிலேயே கிளம்பிவிடுவார்கள். 13 வயது அக்காதான் சமைத்து, தம்பியைக் கிளப்பி, பள்ளிக்கு விட வேண்டும். ‘அக்கா சொன்னா கேட்டுக்கோ’ என்று ஒரே வரியில் முழு அதிகாரமும் அவள் கைக்கு வந்துவிடுகிறது. எப்படிக் கையாள்வது என்று யாரும் சொல்லித் தரவில்லை. அவளுக்குத் தெரிந்த ஒரே வழி கத்துவதும் அடிப்பதும்தான் என்றால், முழுப் பழியையும் அவள்மேல் போடுவது நியாயமா? உடன்பிறந்தோர் புல்லியிங்கில் மூத்த பிள்ளைகளே அதிகம் ஈடுபடுகிறார்கள் என்று ஆய்வுகள் சொல்கின்றன. பொறுப்பைக் கொடுத்தவர்கள் கொஞ்சம் துணையும் கொடுத்தால் அதில் பாதி குறையும்.

நீங்கள் வாங்குகிறவர் என்றால்

முதலில் பெயர் வையுங்கள். ‘என் தப்புதான்’ என்பதை நிறுத்தி, ‘இது புல்லியிங்’ என்று உங்களுக்கே சொல்லிப் பாருங்கள்.

சண்டை நடக்கும்போது பேசாதீர்கள். அடங்கிய பிறகு, ஒரே ஒரு விஷயத்தை மட்டும் சொல்லுங்கள். “என் பிரண்ட்ஸ் முன்னாடி அந்தப் பேர் சொல்லிக் கூப்பிடாத. எனக்கு நிஜமாவே கஷ்டமா இருக்கு.” பழைய கணக்கு முழுக்கத் திறந்தால் மறுபடி சண்டைதான்.

பெற்றோரிடம் ‘அண்ணன் எப்பப் பாத்தாலும் இப்படித்தான்’ என்றால் எடுபடாது. தேதியோடு சொல்லுங்கள். “திங்கள், புதன், வெள்ளி மூணு நாளும் அடிச்சான். நிறுத்தச் சொல்லியும் நிறுத்தல.” அவர்கள் கேட்கவில்லை என்றால் அத்தை, தாத்தா, ஹாஸ்டல் வார்டன், வகுப்பு ஆசிரியர் என்று அடுத்த ஆளிடம் போங்கள். ஒருவர் கேட்காததற்காக நின்றுவிட வேண்டாம்.

ஆயுதம், ரத்தக் காயம், தகாத தொடுதல் என்றால் இந்தப் படிகள் எதுவும் தேவையில்லை. அன்றைக்கே, அந்த நிமிஷமே நம்பிக்கையான பெரியவரிடம் சொல்ல வேண்டும்.

நீங்கள் செய்கிறவர் என்றால்

இதைப் படிக்கும் எல்லாரும் வாங்குகிறவர்கள் இல்லை. ‘நானும் அப்படித்தானே தம்பியைப் படுத்துகிறேன்’ என்று உறுத்தினால் நல்லது. ஒரு வாரம் அவனை நீங்கள் கூப்பிடும் பெயர்களை மட்டும் கவனியுங்கள். எத்தனை முறை அவன் நிஜப் பெயர் வருகிறது? பள்ளியில் உங்களை யாராவது படுத்துகிறார்களா, அந்தக் கோபத்தை வீட்டில் இறக்குகிறீர்களா என்றும் பாருங்கள். ஒரு மன்னிப்பு, ஒரு மாற்றம், அது போதும். கட்டிப்பிடித்து அழ வேண்டியதில்லை.

உங்களால் நல்லதும் செய்ய முடியும். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1,116 இரட்டையர் ஜோடிகளைக் கவனித்த ஆய்வு 2010-ல் வெளியானது. பள்ளியில் புல்லியிங்குக்கு ஆளான பிள்ளைகளில், வீட்டில் அம்மாவின் அன்பும் உடன்பிறந்தவரின் அன்பும் கிடைத்தவர்கள் அதைச் சிறப்பாகத் தாங்கினார்கள். வெளியே அடிவாங்கி வரும் தம்பிக்கு நீங்கள்தான் முதல் மருந்து.

அம்மா அப்பாவுக்கு இதைக் காட்டுங்கள்

‘யார் ஆரம்பிச்சது?’ என்ற விசாரணை வேண்டாம். பெரும்பாலும் நன்றாகப் பேசத் தெரிந்தவர்தான் அதில் ஜெயிப்பார். ‘ரெண்டு பேரும் வாயை மூடுங்க’ என்றால், பலசாலி தப்பித்துவிடுவார். ஜூலி ஸ்மித், ஹில்டி ராஸ் இருவரும் 2007-ல் வெளியிட்ட ஆய்வில் பெற்றோருக்கு நடுவர் பயிற்சி கொடுத்தார்கள். நாலே படி: கத்தக் கூடாது, திட்டக் கூடாது என்று முதலில் விதி; அடுத்து, பிரச்னை என்ன என்று ஒவ்வொருவராகச் சொல்வது; பிறகு, மற்றவருக்கு எப்படி இருந்திருக்கும் என்று யோசிக்கவைப்பது; கடைசியாக, தீர்வைப் பிள்ளைகளையே சொல்லவைப்பது. பயிற்சி பெற்ற வீடுகளில் சின்னப் பிள்ளைகள்கூடப் பேசித் தீர்க்கக் கற்றுக்கொண்டார்கள். ஆனால் ஒருவரே தொடர்ந்து அடிவாங்கும் வீட்டில் முதல் வேலை அதை நிறுத்துவது. பேச்சுவார்த்தை அதற்குப் பிறகுதான்.

இன்னொன்று, ‘அவனைப் பாரு, எப்படிப் படிக்கிறான்’ என்ற வரியை வீட்டில் தடை செய்துவிடுங்கள்.

யாரிடமும் சொல்ல முடியவில்லையா?

தூக்கம் வரவில்லை, பள்ளிக்குப் போகவே பிடிக்கவில்லை, உங்களைக் காயப்படுத்திக்கொள்ளத் தோன்றுகிறது என்றால் காத்திருக்காதீர்கள். 1098 குழந்தைகளுக்கான உதவி எண். 14416 மத்திய அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண். இரண்டும் 24 மணி நேரமும் இயங்கும், காசு கிடையாது, தமிழிலேயே பேசலாம். என்ன சொல்வது என்று தெரியாவிட்டால் இப்படி ஆரம்பியுங்கள்: “எங்க வீட்ல ஒரு பிரச்னை, அதைச் சண்டைன்னு எல்லாரும் சொல்றாங்க. எனக்கு அப்படித் தோணல.” மீதியை அவர்கள் கேட்டுக்கொள்வார்கள்.